இடம் வலம் மாறிய தாள்கள்

அரியாங்குப்பம் பாலத்தைத் தாண்டிய பிறகுதான் தாகம் எடுப்பது தெரிந்தது. பள்ளிக்கூடத்தின் பின்வாசல் வழியாக வெளியேறி, முதலியார்பேட்டை, முருங்கப்பாக்கம் என்று கடலூர் சாலையில் நடந்தே வந்திருந்தேன். வெயில் நன்றாக ஏறிவிட்டது. சட்டைப்பையில் இருந்த ரூலேத் என்ற பல்சக்கரக் கருவி ஒவ்வோர் அடிக்கும் நெஞ்சில் குத்திக்கொண்டு வந்தது.

ஓரிடத்திலிருந்து சொல்லிக்கொள்ளாமல் கிளம்பி நடப்பது எனக்குப் புதிதல்ல. இந்தப் பக்கங்களை வாராவாரம் படிக்கிறவர்கள் இதற்குள் எண்ணிக்கையை மறந்திருப்பார்கள், நானே மறந்துவிட்டேன். திருப்பூர் சாயப்பட்டறை, ஒசூர் லேத் பட்டறை, சிதம்பரம் பக்கத்து இறால் பண்ணை. எங்கேயாவது ஒரு தப்பு செய்வேன். யாரும் கேட்பதற்கு முன்னால் போய்விடுவேன். கேட்ட பிறகு போவதைவிட அது சுலபம்.

ஆனால் அதுவரை நான் கெடுத்ததெல்லாம் துணி, இரும்பு, இறால். அன்றைக்கு ஒரு பெண்ணின் படிப்பைக் கெடுத்துவிட்டு நடந்துகொண்டிருந்தேன்.

ஜெசிந்தாவுக்குப் பதினாறு வயது. பார்வை கிடையாது. பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் பிரிவு எடுக்க வேண்டும் என்று நின்றாள். அதை முடிவுசெய்ய, நான் நடந்துகொண்டிருந்த அதே நேரத்தில், தலைமை ஆசிரியை சிஸ்டருக்கும் இயற்பியல் ஆசிரியருக்கும் எதிரே உட்கார்ந்திருந்தாள். அவள் விரலுக்குக் கீழே இருந்தவை நான் செய்துகொடுத்த படங்கள். மொத்தம் இருபத்தாறு தாள்கள். இருபத்தாறும் தப்பு.

கரப்பான் தின்ற இதயம்

உழவர்கரையில் நான் வாடகைக்கு இருந்த மாடி அறைக்குக் கீழ்வீடு பிலோமி அக்காவுடையது. கதிர்காமம் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. காலை ஷிப்ட் முடிந்து வந்ததும் மகள் ஜெசிந்தாவுக்கான வேலையில் உட்கார்ந்துவிடுவார்.

ஜெசியின் போன் பாடப் புத்தகத்தை வாய்விட்டு வாசிக்கும். அவள் அதை ஓடவிடுகிற வேகத்தில் எனக்கு ஒரு வார்த்தைகூடப் பிடிபடாது, அவளுக்குப் பிடிபடும். ஆனால் படம் வந்ததும் போன் 'படம்' என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குத் தாவிவிடும். அறிவியல் புத்தகத்தில் பாதி, படம்தான்.

அதனால் அக்கா, மைதா பசை காய்ச்சி, அட்டைமேல் தையல் நூலை ஒட்டிப் படம் செய்வார். ஒருநாள் காலையில் மாடிப்படியில் இறங்கும்போது கீழே ஒரே சிரிப்பு.

"இன்னாக்கா?"

"நேத்து பூரா குந்திக்கினு இதயம் ஒட்டுனேன் தம்பி. கரப்பான் பசையெல்லாம் தின்னுட்டுப் போயிடுச்சு. பாரு, நூலு தனியா கெடக்குது."

ஜெசி அட்டையைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "வலது பக்கம் ரெண்டு அறையும் காலி. ஆளு பொழைக்க மாட்டான்."

அவளுக்கு அது விளையாட்டு. அக்காவுக்கு இல்லை. அறிவியல் பிரிவு என்றதும் பள்ளியில் தயங்கினார்களாம். பத்தாம் வகுப்பில் படம் வரையும் கேள்விகளுக்கு விலக்கு உண்டு. அப்படியே எழுதி நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டாள். பதினொன்றில் படமும் வரைகோடும் ஆய்வுக்கூடமும் இல்லாமல் ஒரு நாள்கூட ஓடாது. வரலாறு எடுத்துக்கொள்ளட்டும் என்று எல்லாரும் அன்பாகத்தான் சொன்னார்கள். அன்பாகச் சொல்கிறவர்களிடம் சண்டையும் போட முடியாது.

கடைசியில் சிஸ்டர் ஒரு வழி சொன்னார். பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் வரட்டும். படத்தைக் கொடுத்து சார் கேள்வி கேட்பார். படிக்கத் தெரிந்தால் இடம்.

"நான் செஞ்சு குடுக்கறேன்க்கா" என்று சொல்லிவிட்டேன். படியில் நின்றபடி, யோசிக்காமல். வேலை இல்லாமல் இருந்த மாதம் அது.

முசே சொன்ன 'துஸ்மான்'

ரூலேத் பற்றிச் சொல்லவேண்டும். மரப்பிடியின் நுனியில் பல் வைத்த ஒரு சிறு சக்கரம். தோலில் தையல் எங்கெங்கே விழவேண்டும் என்று சீராகப் புள்ளி வைக்க அதை உருட்டுவார்கள். புதுச்சேரியில் முன்பு நான் வேலை பார்த்த தோல் பட்டறையில் அதற்கு அந்தப் பெயர்தான். முதலாளி பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து வந்தவர். முசே என்றே கூப்பிடுவோம், ஐயா என்பதுபோல. யார் அவசரப்பட்டாலும் "துஸ்மான், துஸ்மான்" என்பார். மெல்ல, மெல்ல. திட்டுவதையும் மெல்லத்தான் திட்டுவார்.

அங்கிருந்தும் நான் ஓடித்தான் வந்தேன். செருப்பின் மேல்தோல் வெட்டும் வேலை. அச்சு அட்டையை ஒரு காலுக்கு வெட்டியதும் மறுகாலுக்குத் திருப்பிப் போடவேண்டும். நான் திருப்ப மறந்தேன். ஒரு முழுத் தோலும் முடிந்த பிறகு பார்க்கிறேன், அத்தனையும் இடது கால். மதியச் சாப்பாட்டுக்குப் போவதுபோலப் போய்விட்டேன். ரூலேத் பையிலேயே வந்துவிட்டது. திருப்பிக் கொடுக்கப் போகத் தைரியம் இல்லை.

அன்றிரவு கடலூர் பேருந்து நிலையத்தில் செருப்பைத் தலைக்கு வைத்துப் படுத்தேன். அதற்காக இப்போது வருத்தப்படவில்லை. பாய் இல்லாமல் தூங்கத் தெரிந்தவனுக்கு ஊர் பெரியது.

மாதாவுக்குப் பின்னால்

வேலை இப்படி. கீழே பழைய சைக்கிள் டியூபை விரித்து, அதன்மேல் கெட்டித் தாள். புத்தகத்துப் படத்தைப் பென்சிலால் பெரிதாக வரைந்து, கோட்டின்மேல் ரூலேத்தை அழுத்தி உருட்டினால் மறுபக்கம் புள்ளி புள்ளியாக எழும்பும். விரலுக்குக் கோடு கிடைத்துவிடும். பகுதிகளுக்குப் பெயர் எழுத எனக்குப் பிரெய்ல் தெரியாது. ஒரு குத்து, இரண்டு குத்து என்று அடையாளம் வைத்து, எந்தக் குத்து எந்தப் பகுதி என்று அவளிடம் சொல்லிவிடுவேன்.

தாளுக்கு ஜெசியே வழி சொன்னாள். அவர்கள் பிரெய்ல் எழுதுவதே பழைய மாதக் காலண்டர் தாளில்தான்; தெருவில் எல்லா வீட்டுக் காலண்டரும் வருஷக் கடைசியில் அவள் வீட்டுக்கு வந்துவிடும். ஒரு பக்கம் மாதாவோ, முருகனோ, ஸ்விட்சர்லாந்தோ. மறுபக்கம் வெள்ளை. வெள்ளைப் பக்கத்தில் நான் வரைவேன். மாதாவின் நீல அங்கியில் மின்சுற்று எழும்பும்.

எட்டாவது முடித்து ஒன்பதாவது பாதியில் பள்ளியை விட்டவன் நான். வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் அறிவியல் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பார்த்தேன். லென்ஸ், மோட்டார், சிறுநீரகம். ஒவ்வொரு தாளும் முடிந்ததும் ஜெசி கையில் கொடுப்பேன். தடவுவாள். சில நேரம் தாளை மடியில் வைத்துக்கொண்டு மறுபடியும் தடவுவாள்.

"நல்லாருக்கா?"

"நல்லாருக்கு மாமா. கரப்பான் தின்னாது."

அவ்வளவுதான் சொல்வாள்.

தேர்வு நாளன்று நானும் கூடப் போனேன். அவளும் அக்காவும் உள்ளே. தாள்களில் பாதியை அவளே எடுத்துப் போனாள். மீதிக் கட்டு என் மடியில், தாழ்வாரத்து பெஞ்சில். உட்கார்ந்திருக்கப் பொறுக்கவில்லை. மேலே இருந்த தாள், வேகமும் நேரமும் காட்டும் வரைகோடு. வண்டி புறப்பட்டு வேகம் ஏறிக்கொண்டே போவது. கண்ணை மூடிக்கொண்டு, அவளைப்போல, எழும்பியிருந்த பக்கத்தில் இடமிருந்து வலமாக விரலை ஓட்டினேன்.

வேகம் இறங்கிக்கொண்டே போனது.

கண்ணைத் திறந்தேன். மறுபடி தடவினேன். தாளைத் திருப்பி வெள்ளைப் பக்கம் பார்த்தேன். பென்சில் கோடு ஒழுங்காக ஏறியது. மறுபக்கம் இறங்கியது. ஏழு வாரமாக நான் பார்த்ததெல்லாம் வெள்ளைப் பக்கம். அவள் தொட்டதெல்லாம் மாதா பக்கம். பின்னால் குத்தினால் முன்னால் இடம் வலமாக மாறிவிடும் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. மறுபடியும் அதே இடது கால்.

உள்ளே சாரின் குரல் கேட்டது: "இல்லம்மா, நீ காட்டற இடம் தப்பு."

தாள் கட்டை பெஞ்சிலேயே வைத்துவிட்டு எழுந்தேன்.

எதிரெதிரே இரண்டு பேருந்துகள்

அரியாங்குப்பத்தை அடுத்த நோணாங்குப்பம் படகுத்துறையில் ஏழுமலை இருந்தான். முன்பு இரண்டு சீசன் அங்கே சேர்ந்து வேலை பார்த்திருக்கிறோம்; அவன் படகு ஓட்ட, நான் பயணிகளுக்கு மிதவைச் சட்டை மாட்டிவிட. என்னைப் பார்த்ததும் சிரித்தான்.

"எந்த ஊர்லேர்ந்துடா ஓடியாந்த?"

"வேலை இருக்கா?"

"நாளைக்குக் காலைல வா. சட்டை மாட்டற பையன் நின்னுட்டான். மொதல்ல தண்ணி குடி, மூஞ்சி சுண்டிப்போயிருக்குது."

தண்ணீர் குடித்தேன். பாரடைஸ் பீச்சுக்குப் போகும் படகில் ஒரு குடும்பம் செல்பி எடுத்துக்கொண்டிருந்தது. என் போன் பத்து நிமிடமாக அதிர்ந்துகொண்டே இருந்தது. பிலோமி அக்கா. எடுக்கவில்லை. ஏழுமலை என் பையில் கைவிட்டு எடுத்துக் காதில் வைத்துவிட்டான்.

"ஆமாக்கா, இங்கதான் குந்திக்கினு இருக்கறான். தண்ணி குடிக்கறான். தோ, குடுக்கறேன்."

"எங்க தம்பி போன நீ?" அக்காவின் குரல் மூச்சிரைத்தது. "படமெல்லாம் திருப்பிப் போட்டிருக்குன்னு சார் கண்டுபுடிச்சிட்டாரு. சிஸ்டர் உன்ன கூப்புடுறாங்க."

"அக்கா, நான்..."

"பாப்பா உன்ன பாக்காம எழுந்திருக்க மாட்டேன்னு குந்தியிருக்குது. வரியா, வரலியா?" வைத்துவிட்டார்.

சாலைக்கு வந்தேன். அந்தப் பக்கம் கடலூர் போகும் பேருந்து, கூட்டமே இல்லாமல், நின்று கிளம்பத் தயாராக இருந்தது. எனக்குப் பழக்கமான பேருந்து அது. இந்தப் பக்கம் புதுச்சேரி போவது, படியில் ஆள் தொங்க வந்துகொண்டிருந்தது. திட்டு வாங்கியே தீரவேண்டும் என்று நானாகப் போனது என் நினைவில் அதுவரை இல்லை. எதற்காகப் போனேன் என்று இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. எழுந்திருக்க மாட்டேன் என்று ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். தொங்கிக்கொண்டு போனேன்.

எழுதும் கணக்கு, படிக்கும் கணக்கு

நான் உள்ளே நுழைந்தபோது மேசைமேல் தாள்கள் இறைந்து கிடந்தன. யாரும் திட்டவில்லை. இயற்பியல் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். ஜெசி என் செருப்புச் சத்தத்தைக் கேட்டே தலையைத் திருப்பினாள்.

"வந்துட்டாரு பாருங்க சிஸ்டர்."

"ஜெசி, எல்லாத்தையும் மாத்திப் போட்டுட்டேன்" என்றேன்.

"தெரியும் மாமா."

"எப்போ?"

"மொத தாள்லயே. போன் வேகம் ஏறுதுன்னு படிக்குது, என் விரல் எறங்குது. ஒரு நாளு கொழம்பினேன். அப்பறம் சிரிப்பு வந்துடுச்சு."

பிரெய்ல் எழுதுவது எப்படி என்று அன்றைக்குத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஸ்லேட் எனப்படும் கட்டங்கள் கொண்ட சட்டத்தில் தாளை மாட்டி ஊசியால் பின்பக்கத்திலிருந்து குத்துவார்கள். வலமிருந்து இடமாக, ஒவ்வோர் எழுத்தையும் திருப்பிப் போட்டு. தாளைப் புரட்டினால் எழுத்து நேராக, இடமிருந்து வலமாக வந்துவிடும். சின்ன வயதிலிருந்து அவள் கைக்கு இரண்டும் தெரியும்.

"உங்க தாள மட்டும் எழுதற கணக்குல படிச்சேன். மத்ததெல்லாம் படிக்கற கணக்கு. அவ்ளோதான். இதயம் மட்டும் உங்குளுதுதான் நல்லாருந்துச்சு. மடியில வெச்சா இடது என் இடது பக்கமே இருந்துச்சு."

நடந்ததை அக்கா சொன்னார். திருப்பிப் போட்ட படத்தை விரலால் படிக்கிறாள் என்பதைச் சார் முதலில் நம்பவில்லையாம். மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறாள் என்று நினைத்து, புதுத் தாள் ஒன்றை எடுத்து, காம்பஸ் முள்ளால் தானே ஒரு வரைகோடு குத்தி, ஒன்றும் சொல்லாமல் கொடுத்திருக்கிறார். ஜெசி இரண்டு அச்சுகளும் சேரும் மூலையைத் தேடி, அது வலது பக்கம் இருப்பதைத் தொட்டுவிட்டு, கோட்டின்மேல் இரண்டுமுறை விரலை ஓட்டியிருக்கிறாள். "சார், நீங்களும் திருப்பிப் போட்டுட்டீங்க" என்றாளாம். பிறகு, "வண்டி மெதுவா வேகம் எடுக்குது, ரொம்ப நேரம் ஒரே வேகத்துல போவுது, டக்குன்னு பிரேக் போடுது. முன்னாடி மாடு வந்துடுச்சா சார்?"

"வெள்ளப் பக்கம் பாத்துட்டு குத்துனேன்" என்றார் சார் என்னைப் பார்த்து, கொஞ்சம் கூச்சத்துடன். "எம்.எஸ்சி. படிச்சவன்யா நான்."

அதைக் கேட்டதும், உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்தேன்.

இடம் கொடுத்தாகிவிட்டது. ஆனால் சிஸ்டர் இன்னும் ஒன்றில் நின்றார். ஆய்வுக்கூடத்தில் அமிலம் இருக்கிறது, பர்னர் இருக்கிறது, நாற்பது பிள்ளைகள். உதவியாளராக இருந்தவர் கோடையில் வேலையை விட்டுவிட்டார்.

"ஊத்தறது, அளக்கறது எல்லாம் நானே செய்வேன் சிஸ்டர்" என்றாள் ஜெசி. "கலர் மாறுனா மட்டும் யாராச்சும் சொல்லணும். அதுக்கு ஒரு ஆளு போதும்."

சிஸ்டர் என் பக்கம் திரும்பினார். "என்ன படிச்சிருக்கீங்க?"

"எட்டு. ஒம்பது பாதி."

"பாட்டில் மேல இருக்கற பேரப் படிப்பீங்களா?"

"படிப்பேன்."

"இன்னைக்குப் போன மாதிரி சொல்லாம கொள்ளாம போயிடுவீங்களா?"

நான் மேசைமேல் இறைந்து கிடந்த தாள்களை அடுக்கத் தொடங்கினேன். பிலோமி அக்காதான் சொன்னார்: "போவான் சிஸ்டர். ஆனா திரும்பி வந்துட்டான், பாருங்க."

வீட்டுக்கு ஆட்டோவில் வரும்போது ஜெசியைக் கேட்டேன், ஏன் என்னிடம் முதல் நாளே சொல்லவில்லை என்று.

"நீங்க சொன்ன கதையெல்லாம் கேட்டிருக்கேனே மாமா. ஒசூரு, எறாப் பண்ணை, இடது கால் செருப்பு. தப்புன்னு சொன்னா மறுநாளு இருக்க மாட்டீங்க. மிச்ச படத்துக்கு நான் எங்க போவேன்?"

அக்கா வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். நான் ஏழுமலைக்குப் போன் செய்து, நாளைக்கு வரவில்லை என்றேன். "தெரியும் போடா" என்றான்.

மறுநாள் காலை

மறுநாள் பள்ளி திறந்தது. ஆய்வுக்கூட உதவியாளராக எனக்கும் அன்றுதான் முதல் நாள். எனக்கு முன்பே ஆய்வுக்கூடத்தில் சார் இருந்தார். புது சிரிஞ்சுகள் ஒரு பெட்டியும், முக்கோண அரம் ஒன்றும் மேசைமேல். ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சுகள். இழுக்கும் தண்டில் ஐந்து மில்லிக்கு ஒரு பள்ளம் அரத்தால் போடவேண்டும். இழுக்கும்போது நகத்தில் பள்ளம் தட்டும், எண்ணினால் அளவு. பார்க்கவே வேண்டாம்.

ஜன்னலோரம் உட்கார்ந்து முதல் சிரிஞ்சை எடுத்தேன். அளந்து, கோடு போட்டு, அராவினேன். முடித்ததும் கண்ணை மூடி இழுத்து எண்ணிப் பார்த்தேன். சரியாகத்தான் பட்டது. இரண்டாவது மணி அடித்ததும் ஜெசி ஒரு தோழியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். புதுச் சீருடையின் கஞ்சி வாசனை.

சிரிஞ்சைக் கொடுத்தேன். மெல்ல இழுத்தாள். மறுபடி தள்ளி, மறுபடி இழுத்தாள்.

"மாமா."

"சொல்லு."

"மூணாவது பள்ளம் தள்ளிப் போயிருக்கு. தப்பு."

தோழி என் முகத்தைப் பார்த்தாள். நான் அந்தச் சிரிஞ்சை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, பெட்டியிலிருந்து இன்னொன்றை எடுத்தேன்.